கௌபாய் வீட்டுப் பிள்ளைகள்

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கப் பாலைநிலம் அத்துபடி. டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் நம்மை அங்கே கூட்டிப்போய் வருஷக்கணக்கில் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். மாடு உண்டு, மாட்டுத் திருடன் உண்டு, முள்கம்பி வேலிக்காக நடக்கும் கொலைகளும் உண்டு. ஆனால் அந்த மாடுகளுக்குச் சொந்தக்காரன் வீட்டில் யார் சமைத்தது? கைக்குழந்தை எங்கே தூங்கியது? டெக்ஸுக்கு ஒரு பையன் இருக்கிறான் என்பது வாஸ்தவம். நமக்குத் தெரிந்த கதைகளில் அவனும் இடுப்பில் துப்பாக்கியோடுதான் திரிகிறான்.

இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் சொல்லும் புத்தகம் ஒன்று 2002ல் வந்தது. பெயர் ‘லேஸி பி’. எழுதியவர்கள் ஒரு அக்காவும் தம்பியும். தம்பி ஆலன் டே, அந்தப் பேர் கொண்ட மாட்டுப் பண்ணையைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். அக்கா சாண்ட்ரா டே ஓ’கானர், 1981ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனவர். அக்கா பேருக்காகத்தான் புத்தகம் விற்றிருக்கும். ஆனால் நீதிமன்றக் கதை கேட்க இதை எடுத்தால் ஏமாற்றம்தான். கிணறு, காற்றாலை, குதிரை, வேலையாட்கள், அப்பா, அம்மா, இவ்வளவுதான் அதில். எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் இடம். அரிசோனாவும் நியூ மெக்ஸிகோவும் சேரும் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் பரந்து கிடந்தது பண்ணை. சாண்ட்ராவின் தாத்தா ஹென்றி கிளே டே வடகிழக்கே வெர்மான்ட்டிலிருந்து வந்து 1880ல் தொடங்கியது. மெக்ஸிகோவில் வாங்கிய மாடுகளுக்கு ‘பி’ எழுத்தைக் கவிழ்த்துப் படுக்கப்போட்ட சூட்டுக்குறி. படுத்துக் கிடக்கும் எழுத்தை அந்தத் தொழிலில் ‘சோம்பேறி’ என்பார்கள், ஆகவே சோம்பேறி பி, லேஸி பி. பரப்பு ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல். சென்னை மாநகராட்சி முழுவதையும் உள்ளே வைத்தாலும் நிறைய இடம் மிச்சமிருக்கும். அதில் மேய்ந்த மாடுகள் இரண்டாயிரம் சொச்சம். அதாவது ஒரு மாட்டுக்கு எழுபது, எண்பது ஏக்கர்! இது செல்வச் செழிப்பு இல்லை, வறட்சி. வருஷத்துக்குப் பத்து அங்குலத்தை ஒட்டித்தான் மழை. அந்த மண்ணில் ஒரு மாடு வயிறு நிறைய அவ்வளவு தூரம் நடந்தாக வேண்டும். நிலத்திலும் பட்டா போட்ட சொந்த நிலம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் அரசு நிலம், மேய்ச்சல் குத்தகை.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், குழந்தைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்ததே இதுதான். எழுபது ஏக்கருக்கு ஒரு மாடு என்றால் பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கும்? கூட விளையாட யார் வருவார்கள்? சாண்ட்ரா பிறந்தது 1930ல், அதுவும் பண்ணையில் இல்லை, டெக்ஸஸின் எல் பாசோ நகர மருத்துவமனையில். தங்கை ஆன் பிறக்கும்போது அவருக்கு எட்டு வயசு, அடுத்த வருஷம் ஆலன். ஆக முதல் எட்டு வருஷம் அந்தப் பரப்பில் அவர் ஒற்றைக் குழந்தை.

வீடு பச்சைக் களிமண் செங்கல்லால் கட்டியது. தொடக்கத்தில் நாலே அறை, வலையடித்த ஒரு திண்ணை. அந்தத் திண்ணையில் வேலையாட்கள் படுத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஏழு வயசு ஆகும் வரை வீட்டில் மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. அம்மா அடா மே அரிசோனா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். இந்தப் பொட்டலில் வந்து விழுந்த பிறகும் நல்ல உடுப்புதான் போடுவார், காலுறை போடுவார், வெயில் படாமல் தோலைப் பார்த்துக்கொள்வார். தபாலில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகை வரும். மடியில் உட்காரவைத்து மகளுக்கு மணிக்கணக்கில் வாசித்துக் காட்டுவார். வேலையாட்களுக்கும் சேர்த்துச் சமையல். எனக்குப் புத்தகத்தில் மிகப் பிடித்த ஆள் இவர்தான். அப்பாவைப் பற்றி பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அம்மா மட்டும் எல்லா அறையிலும் இருந்துகொண்டே அதிகம் பேசாமல் போகிறார். பண்ணை வாழ்க்கையைப் பெருமையாகப் பேசுகிற எல்லா எழுத்திலும் அம்மாக்களுக்கு இதே கதிதானோ என்று தோன்றும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள்? வேலையாட்கள்தான். ராஸ்டஸ், ஜிம் பிரிஸ்டர், பக் க்வின், கிளாட் டிப்பெட்ஸ் என்று நாலைந்து பேர், ஒவ்வொருவரும் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தவர்கள். கெட்ட வார்த்தை பேசுகிற, முரட்டுத்தனமான, குடும்பம் குட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லாத ஆண்கள். அவர்கள்தான் குதிரையேறச் சொல்லிக் கொடுத்தது, குழந்தை பேச்சைக் கேட்டது, கூட அலைந்தது. திரையில் தனியாகச் சூரியனை நோக்கிக் குதிரையில் போகிற கௌபாய் நிஜத்தில் முதலாளி வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு ஆயா வேலை பார்த்திருக்கிறான். எந்த சினிமாக்காரனும் இதை எடுத்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டுத் துணைக்கு விலங்குகள். பாப் என்று ஒரு காட்டுப்பூனையை வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டு உருகிவிட வேண்டாம். அதே குழந்தைகள்தான் பட்டியில் கன்றுகளைக் கயிறு போட்டுக் கிடத்தி, சூடு போட்டு, காயடித்து, கொம்பு வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். ரத்தம், பொசுங்கும் மயிரின் நாற்றம், தாய்மாடுகளின் கத்தல். அந்தக் காயங்களில் ஒரு ஈ முட்டையிடும். அதன் புழு செத்த சதையைத் தொடாது, உயிருள்ள சதையைத்தான் துளைத்துத் தின்னும். ஒவ்வொரு கன்றாகத் தேடிப் பிடித்து, புழுவை எடுத்து, மருந்து தடவ வேண்டும். மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வானத்திலிருந்து தூவி 1960களில் அந்த ஈயை அங்கே ஒழிக்கிற வரைக்கும் இதுதான் தினசரி வேலை.

அப்புறம் காற்றாலைகள். ஆற்றுத் தண்ணீர் இல்லாத நிலம், கிணறு வெட்டி, காற்றாலையால் இறைத்து, தொட்டியில் நிரப்பினால்தான் மாடு உயிரோடு இருக்கும். ஒரு காற்றாலை நின்றுபோய் அதை யாரும் கவனிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்து மாடெல்லாம் காலித் தொட்டியைச் சுற்றி நின்றே சாகும். எங்கள் தொழிலில் ‘ஆன்-கால்’ என்று ஒன்று உண்டு. சர்வர் விழுந்தால் நடுராத்திரி போன் வரும், மாசத்தில் ஒரு வாரம் அந்தத் தலைவலி. அங்கே மாசம் முழுக்க, வருஷம் முழுக்க அதே கதை, போன்தான் வராது. அப்பா ஹாரி டே தினமும் சுற்றிக்கொண்டே இருந்தார், கூடவே குழந்தையும். டாஷ்போர்டுக்கு மேல் கண் தெரிகிற உயரம் வந்ததும் சாண்ட்ரா வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார். துப்பாக்கி சுடவும் தெரியும். இதையெல்லாம் இப்போது சுதந்திரமான பிள்ளைப்பருவம் என்று கொண்டாடுகிறார்கள். ஆள் பற்றாக்குறை என்றும் சொல்லலாம்.

ஓ’கானரைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. வயசு பதினைந்து இருக்கும். மாடுகளை ஒன்று சேர்க்கிற பருவம், ஆட்கள் ரொம்பத் தூரத்தில் வேலையில் இருக்கிறார்கள். அம்மாவோடு சேர்ந்து சமைத்த மதியச் சாப்பாட்டை டிரக்கில் ஏற்றி இவர் தனியாகக் கிளம்புகிறார். பாதி வழியில் டயர் பஞ்சர். கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கினால் வீல் நட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போய் இருக்கின்றன. திருகினால் சக்கரமே சுற்றுகிறது. மறுபடி வண்டியைத் தரைக்கு இறக்கி, ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்து, ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, திரும்பத் தூக்கி, ஸ்டெப்னி மாட்டி, போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. ஆட்கள் சாப்பிடாமலே சூடு போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நிமிர்ந்து பார்த்து, தாமதம் என்கிறார். டயர் பஞ்சர், தானே மாற்றினேன் என்கிறாள் மகள். அப்படியென்றால் இன்னும் முன்னாடியே கிளம்பியிருக்கணும் என்பதுபோல அப்பாவின் பதில்.

சாக்குப்போக்கு சொல்லாதே என்கிற பாடமாக இதைச் சொல்வதுதான் வழக்கம். மேலாண்மை வகுப்பில் வைக்கத் தோதான கதை. எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தப் பெண் ஒரு பாராட்டை எதிர்பார்த்தாள், அதை அவரே எழுதியும் இருக்கிறார். அப்பா முன்னால் அப்போது நின்றது மகள் இல்லை, சாப்பாட்டு வண்டி. பசியோடு இருக்கிற ஆட்களுக்கும், கட்டிப்போட்ட கன்றுகளுக்கும், சாய்கிற வெயிலுக்கும் நடுவில் அவரால் வேறு மாதிரி பார்க்க முடிந்திருக்காது. ஹாரி டே கொடூரமானவர் இல்லை. மகள் கடைசி வரை அவரை நேசித்தார். வீடும் வேலையிடமும் ஒன்றாகிவிட்டால் பிள்ளையைப் பிள்ளையாக மட்டும் பார்க்கும் நேரம் எது என்று அந்தப் பண்ணையில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நம்மில் சிலருக்கு இது கொஞ்சம் புரியலாம்.

சரி, இந்த வாழ்க்கை வருஷம் முழுக்க நடந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பண்ணையால் ஒரு குழந்தைக்குக் குதிரையேற்றம் கற்றுத்தர முடிந்தது, பள்ளிக்கூடம் தர முடியவில்லை. ஆறு வயசில் சாண்ட்ராவை எல் பாசோவுக்கு, அம்மாவின் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். நாள் கணக்கில் இல்லை, பள்ளி ஆண்டு முழுவதற்கும். நகரம், ஓயாமல் பேசுகிற பாட்டி, பெண்களுக்கான தனியார் பள்ளி. விடுமுறைக்குத்தான் வீடு. அந்த ஏக்கம் அவரை விடவே இல்லை. எட்டாம் வகுப்பை எப்படியாவது வீட்டிலிருந்து படிப்பது என்று பிடிவாதமாக வந்து, லார்ட்ஸ்பர்க் ஊர்ப் பள்ளிக்கு பஸ்ஸில் போய் வந்தார். விடியுமுன் கிளம்ப வேண்டும், திரும்பும்போது இருட்டியிருக்கும். பண்ணையில் இருந்தும் பண்ணையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடியாத ஒரு வருஷம். அடுத்த வருஷம் மறுபடி எல் பாசோ. புத்தகத்தில் அந்த நிலம் அவ்வளவு ஒளியோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அதன் பெரும்பகுதி விடுமுறையில் பார்த்த நிலம்.

அதே வட்டாரத்தில் இன்னொரு பள்ளிக்கூடக் கதையும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஹென்றி டே வந்து இறங்கிய 1880ல் அது சிரிகாவா அப்பாச்சேக்களின் நாடு. ஆறு வருஷம் கழித்து, 1886 செப்டம்பரில், அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே இன்னும் தெற்கில் உள்ள ஸ்கெலட்டன் கேன்யனில் ஜெரோனிமோ சரணடைந்தார். ஏறத்தாழ ஐந்நூறு சிரிகாவாக்களை ரயிலேற்றி ஃப்ளோரிடாவுக்குக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு வழிகாட்டியாக உழைத்தவர்களையும் விடவில்லை. அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிரித்து பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளிக்கு அனுப்பினார்கள். முடியை வெட்டி, பேரை மாற்றி, மொழியைத் தடுத்த பள்ளி. காசநோயில் பலர் செத்தார்கள். மிச்சமிருந்த சிரிகாவாக்களுக்குக் கைதி நிலையிலிருந்து விடுதலை கிடைக்க 1913 ஆயிற்று. மேய்ச்சல் நிலம் காலியாகக் கிடந்ததால் பண்ணை வரவில்லை. அது காலியாக்கப்பட்டது. கோடை விடுமுறைக்கு அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்ப ஒரு வீடு இல்லை.

கடைசியாக ஒன்று, யாருக்குப் பண்ணை என்பது. ஹாரி டேவுக்கு ஸ்டான்ஃபோர்டில் படிக்க ஆசை. அப்பா செத்துப்போக, பண்ணையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வந்தவர் ஆயுள் முழுக்க அங்கேயே தங்கிவிட்டார். 1946ல் பதினாறு வயசில் சாண்ட்ரா ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது போனது ஒருவகையில் அப்பாவின் ஆசையும்தான். ஆலனும் கல்லூரி முடித்துக் கொஞ்ச காலத்துக்கு என்று வந்து, அப்பாவைப் போலவே தங்கிவிட்டார். குதிரையேற்றம், டிரக், துப்பாக்கி, பஞ்சர் எல்லாம் அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்த பண்ணைதான். மாடு சேர்க்கப் போகும் ஆண் கூட்டத்தில் ஒரு பெண் குதிரையோடு வருவது அதுவரை வழக்கமில்லை. இவர் போய்ச் சேர்ந்துகொண்டார், ஆட்கள் முதலில் நெளிந்து பிறகு பழகிப்போனார்கள். அவ்வளவு தூரம் வந்த பிறகும் பொறுப்பு என்று வரும்போது தம்பியின் பேர்தான் வந்தது. அவருக்கு அது வேண்டும் என்று இருந்ததா என்றே யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. 1952ல் சட்டம் முடித்து வேலை தேடியபோது ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனம் அவருக்குக் காட்டியது செயலாளர் வேலை. நகரத்திலும் அதே வேலிதான் போல.

திருமணமாகி ஃபீனிக்ஸ் பக்கம் குடியேறினார். மூன்று பையன்கள், மூவரும் நகரத்துப் பிள்ளைகள், விடுமுறைக்கு லேஸி பிக்கு வந்து தாத்தாவோடு காற்றாலை பார்க்கப் போனார்கள். ஹாரி டே 1984ல் இறந்தார். ஆட்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது, குத்தகை விதிகள் இறுகிவிட்டன, அடுத்த தலைமுறையில் அங்கே போய் உட்காரும் நிலையில் யாரும் இல்லை. 1986ல் குடும்பம் நிலத்தைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியது. அம்மா அடா மே அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார்.