ஒரே வானம், இரண்டு எஜமானர்கள்

விமானத்தில் பைலட் மைக்கைப் பிடித்தால் என்ன சொல்வார்? எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம், இறங்கப்போகிற ஊரில் எத்தனை டிகிரி வெயில், தயவுசெய்து பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதானே? மன்னிப்புக் கேட்கிற பைலட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

2025 ஜூலை 18 அன்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவில், வடக்கு டகோட்டா மாநிலத்தில், மைனாட் என்கிற சின்ன நகரம். மினியாபொலிஸிலிருந்து வந்த ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் எம்ப்ரேயர் விமானம் தரையிறங்கப் போகிற நேரம். திடீரென்று விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, வெடுக்கென்று திரும்பியது. உள்ளே இருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பத்திரமாக இறக்கிவிட்ட பைலட், பயணிகளிடம் நடந்ததைச் சொன்னார். பக்கவாட்டிலிருந்து ஒரு விமானம் எங்கள் பாதையை நோக்கி வந்துகொண்டிருந்தது, அதன் பின்பக்கமாகத் திரும்பிப் போவதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் சேர்த்தார். பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருக்கிறது. அவர்களிடம் ரேடார் இருக்கிறது. ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

குறுக்கே வந்தது எது தெரியுமா? பி-52. எட்டு எஞ்சின்கள் கொண்ட, அணுகுண்டு சுமக்கக்கூடிய ராட்சதப் போர் விமானம். அன்று அது குண்டு போடப் போகவில்லை. ஊரில் நடந்த மாநிலப் பொருட்காட்சிக்கு மேலே ஒரு தரம் பறந்து காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

மைனாட்டில் இரண்டு ஓடுதளங்கள் உண்டு. நகரத்தை ஒட்டி பயணிகள் விமான நிலையம். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் விமானப்படைத் தளம். நகர விமான நிலையத்தின் கோபுரத்தில் அப்போது ரேடார் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தும், ரேடியோவில் கேட்டும்தான் போக்குவரத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் கோபுரத்தோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பயணிகள் விமானம் வருவதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்றது விமானப்படை.

ஆக, எல்லாரும் யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தெரிய வேண்டியவருக்குத் தெரிய வேண்டியது மட்டும் போய்ச்சேரவில்லை.

இது புதுக் கதை என்று நினைக்காதீர்கள். அறுபத்தேழு வருடப் பழைய கதை.

1958 ஏப்ரல் 21, காலை. லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூயார்க் கிளம்பிய யுனைடெட் நிறுவனத்தின் டி.சி-7 விமானம், 47 பேரோடு 21,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. தனக்கென ஒதுக்கப்பட்ட வான்பாதையில்தான் போனது. அதே நேரம், லாஸ் வேகாஸ் அருகே உள்ள நெல்லிஸ் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-100 போர் விமானம் ஒன்று உயரத்திலிருந்து சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் மாணவர், ஒருவர் ஆசிரியர். வெளியே எதுவும் தெரியாதபடி திரை போட்டுக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற பயிற்சி. அப்படியென்றால் மாணவருக்கும் சேர்த்து ஆசிரியர்தான் வானத்தைப் பார்க்க வேண்டும்.

பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட நேருக்கு நேர். நெருங்கிய வேகம் மணிக்கு சுமார் 1,230 கிலோமீட்டர். ஒரு விநாடிக்கு 340 மீட்டர்! இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. விலகிப்போகிற விமானம் கண்ணாடியில் இடம் மாறும், கண்ணில் படும். மோதப்போகிற விமானம் இடம் மாறாது. ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக அப்படியே நிற்கும். கடைசி சில விநாடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

47 பேரும் போனார்கள். போர் விமானத்தில் இருந்த இருவரும் போனார்கள். மொத்தம் 49.

விசாரணையில் வெளிவந்ததுதான் முக்கியம். பயணிகள் விமானத்தைக் கண்காணித்தது சிவில் துறை. போர் விமானத்தைக் கண்காணித்தது ராணுவம். அவர் விமானம் இவருக்குத் தெரியாது, இவர் விமானம் அவருக்குத் தெரியாது. நெல்லிஸ் பக்கம் போர் விமானங்கள் மிக நெருக்கமாகக் கடந்து போகின்றன என்று பயணிகள் விமான பைலட்டுகள் முன்பே புலம்பிக்கொண்டிருந்தார்கள். விசாரணை வாரியம் விபத்துக்கான காரணங்களைப் பட்டியலிட்டபோது ஒன்றை ஒளிக்காமல் சொன்னது. மோதல் ஆபத்து இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்தும், அதைக் குறைக்கச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நெல்லிஸ் தளமும் செய்யவில்லை, சிவில் துறையும் செய்யவில்லை.

கவனியுங்கள். எதிர்பாராதது அல்ல, தெரிந்தது.

சரியாக 29 நாள். மே 20 அன்று மேரிலாந்தில் ஒரு ராணுவப் பயிற்சி ஜெட்டும் ஒரு பயணிகள் விமானமும் மோதி, 12 பேர் செத்துப்போனார்கள். மறுநாளே செனட்டர் மைக் மன்ரோனி ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 23 அன்று ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்துப் போட, அது சட்டமாகிவிட்டது. சிவில், ராணுவம் என்று பிரிந்து கிடந்த வானத்தை ஒரே குடைக்குள் கொண்டுவர ஓர் அமைப்பு பிறந்தது. அதுதான் எஃப்.ஏ.ஏ. அதன் முதல் தலைவர் எல்வுட் கெசாடா, விமானப்படையில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தின் ஒத்துழைப்பு வேண்டும் அல்லவா?

நம் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? 1996 நவம்பர் 12 ஞாபகம் இருக்கிறதா? ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவுதி விமானமும் டெல்லிக்கு இறங்கிவந்த கஜகஸ்தான் விமானமும் மோதி, 349 பேர் பலி. நடுவானில் நிகழ்ந்த மோதல்களிலேயே உலகின் மிகப்பெரியது. தனக்குக் கொடுத்த உயரத்தைவிடக் கீழே இறங்கிய கஜகஸ்தான் விமானத்தின் மீதுதான் முதல் குற்றம். சந்தேகமில்லை. ஆனால் ஏறுகிற விமானமும் இறங்குகிற விமானமும் ஏன் ஒரே பாதையில் எதிரெதிரே போக வேண்டும்? டெல்லியைச் சுற்றியிருந்த வானத்தின் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சிவில் விமானங்களுக்கு மிச்சம் கிடைத்தது ஓர் ஒற்றையடிப் பாதை. போதாததற்கு, விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டுகிற ரேடாரும் அப்போது டெல்லியில் இல்லை. 349 உயிர் போன பிறகு வர ஒரு பாதை, போக ஒரு பாதை என்று பிரித்தார்கள். மோதல் எச்சரிக்கைக் கருவியையும் கட்டாயமாக்கினார்கள்.

இப்போது மறுபடி அமெரிக்கா. மைனாட் சம்பவத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டனில் இறங்கவந்த பயணிகள் விமானமும் ஒரு ராணுவ ஹெலிகாப்டரும் மோதின. 67 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விசாரணையாளர்கள் பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்த விமான நிலையத்தின் அருகே ஹெலிகாப்டர்களும் விமானங்களும் ஆபத்தான அளவுக்கு நெருங்கிய சம்பவங்கள் எத்தனை? 15,214. அதில் 85 முறை, செங்குத்து இடைவெளி 200 அடிகூட இல்லை.

இந்தக் கணக்கு யாரிடம் இருந்தது? வேறு யார், எஃப்.ஏ.ஏ.விடம்தான். 'தெரிந்த ஆபத்தை'த் தடுப்பதற்கென்றே 1958இல் பிறந்த அதே அமைப்பு.

மயிரிழையில் தப்பினோம் என்று பெருமூச்சு விடுகிறோம். கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்தும்போகிறோம். உண்மையில் ஒவ்வொரு மயிரிழையும் ஒரு புகார்க் கடிதம். இன்னும் யாரும் சாகவில்லை, அதற்குள் எதையாவது செய்யுங்கள் என்று வானம் எழுதி அனுப்புகிற கடிதம். வாஷிங்டனில் 15,214 கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. மைனாட்டிலிருந்து போனது இன்னொன்று.

அதையாவது பிரித்துப் படிக்க வேண்டும். சாவுக்கணக்கு எழுதிய பிறகுதான் ஃபைல் நகரும் என்றால், அடுத்த முறை மன்னிப்புக் கேட்கக்கூடப் பைலட் இருக்கமாட்டார்.