பானு அத்தையா
பானு அத்தையா (1929–2020): திரைப்பட ஆடை வடிவமைப்பாளர், ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர். கோலாப்பூரில் பிறந்து, மும்பை ஜே. ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். பெண்கள் பத்திரிகைகளுக்கு உடைச் சித்திரங்கள் வரைந்துவந்தவர், ‘சி.ஐ.டி.’ (1956) படத்தின் வழியே திரைக்கு வந்தார். ‘ஆம்ரபாலி’க்கு (1966) அஜந்தா ஓவியங்களைப் பார்த்து உடை அமைத்தார், ‘பிரம்மச்சாரி’யில் (1968) மும்தாஜ் உடுத்திய, உடலோடு ஒட்டிய ஆரஞ்சுப் புடவையும் அவர் கைவண்ணமே.

‘காந்தி’ (1982) படத்துக்காக ஜான் மோலோவுடன் 1983இல் ஆஸ்கர் பெற்றார். கோட்டு சூட்டு அணிந்த வழக்கறிஞர் அரைவேட்டிக்கு வந்துசேரும் கதை அது. பாதிக் கதையை உடையே சொல்லிவிடுகிறது. ‘லேக்கின்’, ‘லகான்’ படங்கள் தேசிய விருது தேடித்தந்தன. தமக்குப் பின் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஆஸ்கர் சிலையை 2012இல் அகாடமியிடமே ஒப்படைத்தார்.