இராமானுசர் தவறவிட்ட எண்

மண்டூர்க் கந்தனைப் பன்னிரு கையன் என்று போற்றுகின்றோம். அந்தப் 12க்கு 1, 2, 3, 4, 6, 12 எனக் காரணிகள் ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு இல்லை. இவ்வாறு தன்னிற் சிறியன யாவற்றையும் காரணித் தொகையில் விஞ்சும் எண்களை ஆராய்ந்த இராமானுசர், 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் 102 எண்களை அட்டவணையாகத் தந்தார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் வழங்கியது இவ்வாராய்ச்சிக்கே. அட்டவணையின் இறுதி எண் 6,746,328,388,800, காரணிகள் 10,080. ஆயினும் இடையே ஓர் எண் விடுபட்டது. அது 5,040 காரணிகளையுடைய 293,318,625,600. வியப்பு யாதெனில், விடுபட்ட இதனை 23ஆற் பெருக்கின் அவ்விறுதி எண்ணே வருகின்றது! 23 பகா எண். விடுபட்ட எண்ணை வகுக்காதது. ஆதலின் காரணிகள் இருமடங்காயின. கையாற் கணித்தவரின் இவ்வொரு வழுவை யான் குறையெனக் கொள்ளேன். இப்பெருக்கலொன்றைக் கரும்பலகையிற் செய்த என் மாணாக்கர் மும்முறை பிழைத்தனர்.