மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு: அடையாறு முதல் கொல்லிமலை வரை

கொல்லிமலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வல்வில் ஓரி, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், அப்புறம் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அந்த வளைவுகள் அழகு. ஆனால் மார்பில் ஒரு சின்னக் கட்டியோடு, காட்டு வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு நாமக்கல்லுக்கு இறங்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு? "வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் தோன்றும். ஆபத்தே அந்தப் "பிறகு"தான். ஏனென்றால் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

நம் ஊரில் இதன் வரலாறு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் தொடங்குகிறது. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய் என்றாலே சாவு என்று எல்லோரும் நம்பிய காலத்தில், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான்! 1955ல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021ல் மறையும் வரை அதையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். சிகிச்சை மட்டும் போதாது, மக்களின் பயத்தையும் போக்க வேண்டும் என்பது அவர் விடாமல் சொல்லிவந்த செய்தி.

சரி, மக்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? இங்கேதான் வரலாறு ஒரு நல்ல பாடம் தருகிறது.

சீனாவின் ஷாங்காய் நகரில் ஜவுளி ஆலைகளில் வேலை செய்த சுமார் 2,66,000 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு மார்பகச் சுயபரிசோதனை கற்றுத் தரப்பட்டது. 2002ல் வெளிவந்த முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. கற்றவர்கள், கல்லாதவர்கள் இரு தரப்பிலும் மரணங்கள் ஏறத்தாழ ஒரே அளவு!

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை வேறு வழியில் போனது. 1998ல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 1,51,000 பெண்கள் இருந்தனர். ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதனை செய்து, அறிகுறிகளையும் விளக்கினார்கள். 2021ல் முடிவு வந்தது. இந்தப் பிரிவில் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. மொத்தமாகப் பார்த்தால் இறப்பில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. தெரிந்த ஒரு பெண் வீடு தேடி வர வேண்டும், கட்டி இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்பவும் வழி வேண்டும். அறிகுறியோடு வந்தவருக்கு 60 நாட்களுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். கொல்லிமலை போன்ற இடத்தில், ஆண்கள் முன்னால் பேசக் கூச்சப்படும் விஷயத்தை அப்படி வரும் ஒரு அக்காவிடம் மனம் விட்டுப் பேசலாம் அல்லவா?

தடுப்புப் பழக்கங்களும் உண்டு. 1926லேயே இங்கிலாந்தின் ஜேனட் லேன் கிளேபன் 500 நோயாளிகளையும் நோயில்லாத 500 பெண்களையும் ஒப்பிட்டு, பிள்ளைப்பேறு, தாய்ப்பால் போன்றவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார். 2002ல் வந்த பெரிய ஆய்வு, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்றது. உடல் உழைப்பு, அளவான எடை, மதுவைத் தவிர்ப்பது ஆகியவையும் உதவும். ஆனால் இவை எல்லாம் ஆபத்தைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. அதனால் நோய் வந்தவரைப் பார்த்து "நீ என்ன தப்பு செய்தாய்?" என்று கேட்பது அநியாயம்.

வணிகவியல் படிப்பவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு நாள் கூலியை இழந்து மலை இறங்குவது செலவுதான். ஆனால் தள்ளிப்போட்டால் வட்டியோடு கட்ட வேண்டியது ஒரு உயிர்.

நண்பர்களே, புதிதாக ஒரு கட்டி, தோலில் குழி, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது - இந்த நான்கையும் இன்றே உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லுங்கள். பையன்களும்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.