கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்தால்... ஆபரேஷன் முடிந்ததும் நடக்கலாமா?

பைக்கில் இருந்து விழுந்து கணுக்கால் உடைந்தால், ‘மாவுக்கட்டு போட்டா போதும்’ என்று நினைப்போம். உள்புறம், வெளிப்புறம், பின்புறம் என மூன்று எலும்பு முனைகளும் உடைவது ‘ட்ரைமல்லியோலர்’ முறிவு. இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவை.

ஏன் உடனே செய்வதில்லை?
வீங்கிய தோலைக் கீறினால் புண் ஆறாமல் தொற்று வரலாம். வீக்கம் வடிய 1-2 வாரம்கூட ஆகலாம்.

என்ன செய்வார்கள்?
பிளேட், ஸ்க்ரூ வைத்து எலும்புகளைப் பழைய இடத்தில் பொருத்துவார்கள். மூட்டு 1 மி.மீ. விலகியிருந்தாலும் அழுத்தம் கூடி, பின்னாளில் தேய்மானம் வரலாம்.

எப்போது நடக்கலாம்?
பலருக்கு 6 வாரம் வரை காலை ஊன்றத் தடை. ‘வலிதான் இல்லையே’ன்னு நீங்களே ஊன்றிடாதீங்க, பொருத்திய எலும்பு நகரலாம். பிறகு பிசியோதெரபி. முழுசா தேற ஓராண்டுகூட ஆகலாம். சிலருக்கு விறைப்பு நீடிக்கும். சர்க்கரை நோயும் சிகரெட்டும் குணமாவதைத் தாமதப்படுத்தும். ஆபீஸ் லீவை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.