கடலில் எறியப்பட்ட மணமகள்

சென்ற இதழில், 1931-ஆம் வருஷத்தின் கடைசியில் யூனிவர்சல் கம்பெனியார் வெளியிட்ட ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பற்றிப் பேசி, காற்றாலை தீப்பற்றி எரிவதோடும், அதனுள் அகப்பட்ட பூதம் மாண்டொழிந்தது என்று ஊரார் நிம்மதி கொள்வதோடும் நிறுத்தியிருந்தோம். வசூலில் வெற்றி கண்ட படத்துக்கு வால் ஒன்றை ஒட்டவைப்பது பட முதலாளிகளின் வழக்கமாதலால், 1935 ஏப்ரலில் வந்த ‘ஃப்ராங்கன்ஸ்டைனின் மணமகள்’ படத்தையும் அந்த ரகத்தில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. மூல நாவலைப் படித்துவிட்டு அப்படத்தைப் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த மணமகள் அதற்கு 117 வருஷங்களுக்கு முன்பே நாவலுக்குள் பாதி உருவாகி, கண் திறக்குமுன்னே அழிக்கப்பட்டவள்.

1816-ஆம் வருஷத்துக் கோடை ஐரோப்பாவுக்குக் கோடையாகவே வரவில்லை. முந்திய வருஷம் ஏப்ரலில் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கியது ஆகாயமெங்கும் பரவி வெயிலை மங்கச் செய்ய, ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் பிரபு வாடகைக்கு எடுத்திருந்த மாளிகையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த 18 வயதுப் பெண்ணான மேரி தொடங்கிய கதைதான் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவல்; அது 1818 ஜனவரி முதல் தேதியன்று, மூன்று பாகங்களாக, 500 பிரதிகள் மட்டும், ஆசிரியர் பெயரின்றிப் பிரசுரமாயிற்று. இவையெல்லாம் பலரும் அறிந்தவையே. நமக்கு வேண்டியது மூன்றாம் பாகத்தில் இருக்கிறது.

மனிதர் எல்லாரும் தன்னைக் கண்டு அருவருத்து ஓடுவதால், தன்னைப் போலவே விகார ரூபமுள்ள ஒரு ஸ்திரீயைச் சிருஷ்டித்துத் தந்தால், அவளோடு தென் அமெரிக்க வனாந்தரங்களுக்குப் போய்விடுவதாகவும், மனிதர் கண்ணில் இனிப் படுவதில்லை என்றும், அந்தப் பிராணி தன்னைப் படைத்த விக்டரிடம் சத்தியம் செய்து மன்றாடுகிறது. விக்டர் இசைகிறான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில், நாலு பசு மேய்வதற்குக்கூடப் புல் காணாத ஒரு பாறைத் தீவில், கூரை சரிந்த குடிசை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறான். ஒரு நாள் மாலை, கடலிலிருந்து சந்திரன் எழும் வேளையில், கை வேலையை நிறுத்திவிட்டு யோசிக்கிறான். இந்த ஜோடிக்குப் பிள்ளைகள் பிறந்தால் உலகம் என்னாகும் என்ற பயமும் வருகிறது. ஆனால் அதற்கு முன்பே வேறொரு சந்தேகம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. சத்தியம் செய்தது அந்தப் பிராணி. இவள் ஒன்றும் செய்யவில்லையே. பெண்ணைக் கேளாமலே தாம்பூலம் மாற்றிக்கொண்டதைப் போல, இவள் பிறப்பதற்கு முன் இரண்டு ஆண்கள் பேசி முடித்த ஏற்பாட்டுக்கு, யோசிக்கத் தெரிந்த ஜீவனாகப் பிறக்கப்போகும் இவள் கட்டுப்பட மறுத்தால்? அந்தப் பிராணியைக் கண்டு அவளே முகம் திருப்பினால்? நிமிர்ந்து பார்க்கிறான், ஜன்னலில் நிலா வெளிச்சத்தில் அந்த முகம் இளிக்கிறது. மறுகணம், பாதி செய்த உடலை விக்டர் பிய்த்து எறிகிறான். பிறகு மிச்சங்களைப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டு, மேலே நிறையக் கற்களை வைத்து, இரவில் படகில் கொண்டுபோய், சந்திரனை மேகம் மறைத்த சமயம் பார்த்துக் கடலில் அமிழ்த்துகிறான். கூடை நீரில் இறங்கும் சத்தத்தை அவன் காது கொடுத்துக் கேட்பதாக மேரி எழுதியிருக்கிறாள். அந்த நாவலில் எத்தனையோ கொலைகள் இருக்கின்றன. என் மனத்தை விட்டு அகலாதது இந்தக் கூடைதான்.

பெண்ணின் உரிமைகளுக்காக வாதாடி 1792-இல் புத்தகம் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் மகள்தான் நாவலாசிரியை மேரி. 1797 ஆகஸ்டில் இவளைப் பெற்ற தாய் 11-ஆம் நாள் கண்ணை மூடினாள். தாயைப் புத்தகங்களின் வழியாகவே அறிந்த பெண், பயங்கரக் கதையின் நடுவே, பிறக்காத ஒரு பெண்ணின் சம்மதத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி வைத்தாள் என்பதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த வாக்கியத்தில் இருந்த பயத்தைக் காட்சியாக்கியவர் டைரக்டர் ஜேம்ஸ் வேல். இங்கிலாந்தில் டட்லி நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. முதல் மகா யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தபோது முகாமிலே நாடகம் பழகியவர். முதற்படத்தின் கதையை அடியோடு பிழிந்தாயிற்று என்று கருதி, தொடர்ச்சிப் படம் வேண்டாமென்றே வெகுநாள் தட்டிக்கழித்தார். பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் பிறந்தவராயினும் தகப்பனார் இந்தியாவில் உப்பு வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தொடர்ச்சிப் படத்தில் பூதம் வாய் திறந்து பேசுவது கார்லாஃபுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. முதற்படத்தில் கன்னம் ஒட்டித் தெரிவதற்காகக் கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டு நடித்தவர், இப்போது பேச வேண்டியிருந்ததால் அதை மாட்டிக்கொள்ள நேர்ந்தது; முகம் சற்றே உப்பித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மகா நடிகரிடம் எனக்கு எவ்வளவு மரியாதை உண்டென்றாலும், இந்த ஒரு விஷயத்தில் டைரக்டரின் பக்கமே நியாயம் இருந்ததென்று சொல்வேன். நாவலில் அந்தப் பிராணி வாய் ஓயாமல் வாதாடும். பேசத் தெரியாத ஜந்து துணை வேண்டுமென்று கேட்பது எப்படி?

அது பேசக் கற்கும் இடத்தை மறக்க முடியுமா? நாவலில் சுவரின் இடுக்கு வழியே ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்து மொழி கற்கிறது. படத்திலோ காட்டுக் குடிசையில் தனியாக வயலின் வாசிக்கும் குருட்டுக் கிழவர், வந்தவன் யாரென்று அறியாமல், கையைப் பிடித்து உள்ளே அழைத்து, ரொட்டியும் மதுவும் கொடுத்து, நண்பன் என்ற சொல்லைக் கற்பிக்கிறார். தனிமை தீர்ந்ததென்று கடவுளுக்கு நன்றி சொல்லி அவர் அழ, பூதத்தின் கன்னத்திலும் கண்ணீர் இறங்குகிறது. அடுத்து வழி தவறி வந்த இரண்டு வேட்டைக்காரர்களால் அந்தச் சுகம் குலைந்துவிடுகிறது.

கடைசிக் காட்சிக்கு வருவோம். புயலில் மின்னலை வாங்கப் பட்டங்கள் பறக்க, ஃப்ரான்ஸ் வாக்ஸ்மனின் சங்கீதத்தில் முரசு இருதயத் துடிப்பாக ஒலிக்க, மேடை கீழிறங்கி, கட்டுகள் அவிழ்ந்து, வெண்ணிற ஆடையில் மணமகள் நிற்கிறாள். கல்யாண மணிகள் ஒலிக்கின்றன. அவள் எல்ஸா லான்செஸ்டர். கம்பிக்கூட்டின் மேல் சொந்தக் கூந்தலை வாரி நிமிர்த்தி, இரு பக்கமும் மின்னல் கீற்றைப் போல வெண்பட்டை ஓடவிட்டிருந்தார் ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ். தலையைப் பறவை போல வெட்டி வெட்டித் திருப்புகிறாள். வசனம் ஒன்றுகூட இல்லை. அலறலும் சீறலுமே உண்டு. லண்டன் ரீஜண்ட் பூங்காவில் அன்னங்கள் கோபத்தில் சீறுவதைக் கேட்டே அந்தச் சீறலைப் பழகியதாக அவரே பின்னாளில் சொன்னார். பூதம் ஆசையோடு கை நீட்டுகிறது, அலறுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவுகிறது, மறுபடியும் அலறுகிறாள். ஆர்க்னித் தீவில் விக்டர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. பூதம் விக்டரையும் (படத்தில் அவன் பெயர் ஹென்றி) அவன் மனைவியையும் போகவிட்டு, கண்ணில் நீரோடு விசையை இழுக்கிறது; ஆய்வுக்கூடம் சரிந்து விழுகிறது.

படத்தின் முகப்பில் ஒரு சிறு காட்சி உண்டு. புயல் இரவில், பைரனும் தன் கணவர் ஷெல்லியும் பக்கத்திலிருக்க, கதை இன்னும் முடியவில்லை என்று மேரி சொல்லத் தொடங்குகிறாள். அந்த மேரியாக நடித்தவரும் எல்ஸாவே. படைத்தவளுக்கும் படைக்கப்பட்டவளுக்கும் ஒரே முகம் வேண்டுமென்பது டைரக்டரின் எண்ணம். 1931 படத்தின் எழுத்துகளில் நாவலாசிரியை, திருமதி பெர்ஸி பி. ஷெல்லி என்று கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டிருந்தாள். தொடர்ச்சிப் படத்தில் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் ஷெல்லி என்று தன் பெயரோடும் தாயின் பெயரோடும் வருகிறாள். நடிகர் பட்டியலில் மேரி வேஷத்துக்கு நேரே எல்ஸாவின் பெயர் இருக்கிறது. பூதத்தின் துணைவி என்ற வரிக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும்.

(தொடரும்)