கொழுவும் கொல்லர் உலையும்: உழுமுனை வடிவமைப்பு வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

உழவுக் கருவிகளுள் மண்ணோடு நேரே பொருதும் உறுப்பு கொழு ஆகும். மேழியும் நுகமும் மரத்தால் அமைந்து பல்லாண்டு நிலைக்க, கொழுவோ உழுந்தோறும் தேய்கின்றது. கம்பர் இயற்றியதாக வழங்கும் ஏரெழுபது, கொழுவையும் அதனைப் பிணிக்கும் கொழு ஆணியையும் தனித்தனியே சிறப்பித்துப் பாடுகின்றது. கலப்பையின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் வேறுபிரித்து நோக்கிய ஒரு மரபினை இதனால் அறியலாம்.

எனினும், தொழில்நுட்ப வரலாறு பேசப்படும் இடங்களில் இந்திய நாட்டுக் கலப்பை பின்தங்கிய கருவியாகவே பெரும்பாலும் சுட்டப்படுகின்றது. மேலை நாடுகளின் இரும்புக் கலப்பை மண்ணை ஆழ உழுது புரட்டியது. நாட்டுக் கலப்பையோ மேலே கீறியதோடு நின்றது. அவ்வாறிருந்தும் உழவர் புதியதை ஏற்க மறுத்தனர் என்பது அக்கூற்றின் சாரம். உழுமுனை எவ்வுலோகத்தால், எவரால், எங்கே செய்யப்பட்டது என்னும் வினாவின் வழியே இக்கூற்றினை மறுபரிசீலனை செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழுமுனையின் அடிப்படைச் சிக்கல்

உழுமுனைக்கு இரண்டு பண்புகள் வேண்டும். மணலும் பரலும் உரசித் தேய்க்காதவாறு அது கடினமாக இருத்தல் வேண்டும். கல்லிலோ வேரிலோ மோதும்போது முறியாதவாறு வலிமையுடன் தாங்குதலும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரண்பட்டவை. உலோகத்தின் கடினம் கூடுந்தோறும் அது நொறுங்கும் இயல்பும் பெரும்பாலும் கூடும்.

இரும்பில் அடங்கிய கரியின் அளவே இவ்வேறுபாட்டிற்கு முதன்மையான காரணம். கரி மிகக் குறைந்த தேனிரும்பு மென்மையானது. காய்ச்சி அடித்தால் வேண்டிய வடிவம் கொள்ளும். நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மேல் கரி கொண்ட வார்ப்பிரும்பு எளிதில் உருகும். அச்சில் வார்ப்பதற்கு ஏற்றது. ஆயின் அதனைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் உடைந்துவிடும். எஃகு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. கொழுவின் வரலாறு முழுவதும் இம்மூன்றனுள் எதனைத் தேர்வது என்னும் வினாவைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

இங்கிலாந்தில் வார்ப்புக் கொழு

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சார்ந்த ராபர்ட் ரேன்சம் (1753–1830) வார்ப்பாலைத் தொழிலர். வார்ப்பிரும்புக் கொழுவினை உப்புநீரால் கடினப்படுத்தும் முறைக்கு 1785ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1789இல் இப்ஸ்விச் நகருக்குத் தம் தொழிலை மாற்றினார். அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1803ஆம் ஆண்டுக் காப்புரிமையே ஆகும். அச்சில் கொழுவின் அடிப்பக்கம் அமையும் இடத்தைக் குளிர்ந்த இரும்பாலும் மேற்பக்கத்தை மணலாலும் அமைத்தார். உருகிய இரும்பு குளிர்ந்த பரப்பைத் தொட்டவுடன் விரைந்து இறுகி மிகக் கடினமாயிற்று. மணலைத் தொட்ட மேற்பக்கம் மெல்ல ஆறிச் சற்று மென்மையாக நின்றது. உழும்போது மேற்பக்கம் முன்னே தேய, அடிப்பக்கத்தின் விளிம்பு எப்போதும் கூராகவே எஞ்சியது. தேய்மானத்தையே தீட்டுதலாக மாற்றிய வடிவமைப்பு இது.

1808இல் அவர் பெற்ற மற்றொரு காப்புரிமை, உறுப்புகளைக் கழற்றி மாற்றத்தக்க கலப்பைக்கு உரியது. கொழு தேய்ந்தால் தீட்ட வேண்டுவதில்லை. புதியது வாங்கிப் பொருத்தினால் போதும். இதனால் உழவனுக்குக் காலம் மிஞ்சியது. அதே வேளையில் உழுமுனையைப் பேணும் பொறுப்பு ஊர்க் கொல்லரிடமிருந்து வார்ப்பாலைக்குக் கைமாறியது. தொழிற்சாலையும் சாலையும் அங்காடியும் அருகிருந்த இங்கிலாந்தில் இம்மாற்றம் இயன்றது என்பது கருதத்தக்கது.

அமெரிக்கப் புல்வெளியும் எஃகும்

மண் மாறியபோது இத்தீர்வு பயன்படவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் புல்வெளிகளில் கரிய மண் பசைபோல் ஒட்டியது. சொரசொரப்பான வார்ப்பிரும்புப் பரப்பில் மண் அப்பிக்கொண்டதால், உழவர் அடிக்கடி நின்று அதனைச் சுரண்ட வேண்டியதாயிற்று. அங்குக் குடியேறிய கொல்லர் ஜான் டீர் (1804–1886) 1837ஆம் ஆண்டில், உடைந்த மர அறுப்பு வாளின் எஃகைக் கொண்டு மெருகேற்றிய உழுமுனை ஒன்றை அமைத்தார். மண் ஒட்டாது வழுக்கிச் சென்றது.

முழுவதும் எஃகாலான கலப்பை என்று இது பரவலாகக் கூறப்படும். ஆயின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ஆய்வில் எட்வர்ட் கெண்டல், மண்ணைப் புரட்டும் வளைபலகை மெருகிட்ட தேனிரும்பாலும், வெட்டும் முனை மட்டுமே எஃகாலும் அமைந்தன என்று வாதிட்டார். எஃகு அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த காலத்தில், அது இன்றியமையாத இடத்தில் மட்டும் இடப்பட்டது என்னும் இக்கருத்து ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. சிறந்த வடிவமைப்பு என்பது கிடைக்கும் பொருளையும் உழும் மண்ணையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதாகும்.

சைதாப்பேட்டைப் பண்ணையும் நாட்டுக் கலப்பையும்

இவ்வளர்ச்சிகளின் பின்னணியில், 1860களில் ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஆய்வுப் பண்ணை ஒன்று தொடங்கப்பெற்றது. இங்கிலாந்திலிருந்து கருவிகள் வருவிக்கப்பட்டன. பின்னர் அதனை நடத்திய வில்லியம் ராபர்ட்சன் மேலைக் கலப்பைகளைப் பரப்ப முயன்றார். சிற்றூர் உழவரிடையே அவை வேரூன்றவில்லை. உழவரின் பழைமைப் பற்றே இதற்குக் காரணமா?

நாட்டுக் கலப்பையின் கொழு நீண்ட இரும்புப் பட்டையாகும். முனை தேய்ந்தால் ஊர்க் கொல்லர் அதனை உலையில் காய்ச்சி, தட்டி நீட்டிப் புதுமுனை எடுப்பார். அதற்குரிய ஊதியத்தைப் பெரும்பாலும் அறுவடைக் களத்தில் தானியமாகவே பெற்றுக்கொள்வார். ஒரே பட்டை பலமுறை புத்துயிர் பெற்றது. வார்ப்புக் கொழுவோ உடைந்தால் ஊர் உலையில் சீர்செய்ய இயலாதது. விதைப்புக்குரிய ஈரம் சில நாள்களே நிற்கும் வானம் பார்த்த நிலத்தில், தொலைவிலுள்ள நகரிலிருந்து மாற்றுமுனை வரும்வரை உழவன் காத்திருத்தல் இயலுமா? மேலும் கனத்த கலப்பையை இழுக்கச் சிற்றுடல் மாடுகளால் இயலவில்லை. ஆழப் புரட்டிய மண் வெயிலில் தன் ஈரத்தை விரைவில் இழந்தது.

1889இல் இந்தியாவிற்கு அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இத்தகைய காரணங்களை எடுத்துரைத்தார். நாட்டுக் கலப்பையின் எளிமையும் குறைந்த விலையும், உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் அதனைச் செப்பனிட இயலுவதும் குறைகள் அல்ல, பொருத்தப்பாடுகள் என்பதே அவர் கணிப்பின் சாரம். உழவரின் மறுப்பில் ஒரு கணக்கு இருந்தது என்பதை அரசு அனுப்பிய வல்லுநரே உணர்ந்து எழுதியது இங்குக் குறிப்பிடத்தக்கது.

கிர்லோஸ்கர் கலப்பை

இரும்புக் கலப்பை இந்தியாவிற்கே ஒவ்வாதது என்று இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் (1869–1956) பெல்காமில் 1888இல் மிதிவண்டிக் கடையுடன் தொழில் தொடங்கியவர். பின்னர்த் தீவனம் நறுக்கும் கருவியும் இரும்புக் கலப்பையும் செய்தார். 1910இல் ஔந்து அரசர் அளித்த நிலத்தில் கிர்லோஸ்கர்வாடி உருவாயிற்று. இரும்பு மண்ணை நஞ்சாக்கும் என்று உழவர் தொடக்கத்தில் அஞ்சியதாக அந்நிறுவன வரலாறு கூறும். எனினும் அக்கலப்பை நிலைபெற்றது. தக்காணத்தின் கரிசல் நிலத்தில் ஆழ உழுதற்குத் தேவை இருந்தது. பல ஏர்மாடுகளை ஒருங்கே பூட்டும் வழக்கமும் இருந்தது. உழுமுனையைச் செய்யும் ஆலையும் அண்மையில் அமைந்தது. சைதாப்பேட்டையில் இல்லாதிருந்தவை இவையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால், உழுமுனையின் தகுதியை அதன் கூர்மை கொண்டு மட்டும் அளத்தல் இயலாது என்பது புலனாகும். அது எம்மண்ணில் இறங்குகிறது, தேய்ந்தபின் எவர் கையில் மீண்டும் உருப்பெறுகிறது என்பனவும் வடிவமைப்பின் கூறுகளே ஆகும். ரேன்சமும் டீரும் தத்தம் சூழலில் விடை கண்டனர். பெயர் அறியப்படாத நம் ஊர்க் கொல்லர்களும் அவ்வாறே விடை கண்டவர்கள். முன்னவர்க்குக் காப்புரிமை ஆவணம் இருந்தது. பின்னவர்க்குக் கொழு, கொழு ஆணி, மேழி, சால் எனும் சொற்களே ஆவணமாக எஞ்சின.

உழவு அதிகாரத்தையோ ஏரெழுபதையோ கற்பிக்கும் ஆசிரியர்கள், இச்சொற்களுக்குப் பொருள் கூறுவதோடு அமையாமல், ஒவ்வோர் உறுப்பும் எதனால் செய்யப்பட்டது, எவ்வாறு செப்பனிடப்பட்டது என்பதையும் விளக்குதல் நலம். கொழுவைப் பின்தங்கிய கருவியாக அன்றி, ஆராய்ந்து தேர்ந்த ஒரு தீர்வாக மாணவர் காண அது வழிவகுக்கும்.